ஒன்றாம் நம்பர் பொடி

சுவிட்சை அணைத்தேன். வீட்டிலிருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாகப் போய்க் காது வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வாரமாக ராத்திரி பகல் பாராமல் ஓடியிருக்கிறது இந்த மெஷின். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் இரண்டு உருளைகளுக்கு மேல் கறுப்பு ரப்பர் டப்பா படுத்துக்கொண்டு, உள்ளே கல்லும் தண்ணீரும் பொடியுமாக, ஓடுகிற பஸ்ஸில் சீட்டுக்கடியில் யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டை உருளுகிற மாதிரி சர் சர்ரென்று. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் முதல் வாரம் என்ன சத்தம் என்று கேட்டார்கள், அப்புறம் கேட்பதில்லை. மணி ஒன்பதரை. நிவேதிகா பதினோரு மணிக்குக் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, சேலத்தில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டு கூப்பிடுவாள். அதற்குள் டப்பாவைத் திறந்து, கல்லைக் கழுவி, படம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். இன்றைக்கு ஆறாவது ஞாயிறு. எண்ண வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்கு, சென்னியப்பா. "சுவிட்ச ஆஃப் பண்ணாப் பத்தாதுங்க, பிளக்கையும் புடுங்கோணும், கை ஈரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கை ஈரமாக இருக்கும், பார்த்து என்று எனக்குச் சொல்வதற்கு இப்போது அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் எனக்கு யார் என்று கேட்டால் சட்டென்று சொல்ல ஒரு வார்த்தை கிடையாது.

டப்பா கனக்கிறது. உருளையிலிருந்து தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்க வேண்டும், மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இது வந்த அட்டைப்பெட்டியில் ராக் டம்ளர் என்று எழுதியிருந்தது. கொண்டுவந்த பையன் போனைப் பார்த்து, "தமயந்திங்களா?" என்றான். என் மனைவி போய்ச் சேர்ந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவளுடைய அண்ணன் பழனியப்பன் தாராபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார், ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம், வாசலில் ஒருவன் நின்றுகொண்டு அவள் பேரைச் சொல்லி அவளா என்று கேட்கிறான். நான்தான் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன். தமயந்திக்காக என்று எழுதி, கீழே சென்னியப்பன் என்று போட்டேன். டம்ளர் என்று இருந்ததால் கல்லில் செய்த டம்ளர் போலிருக்கிறது, காப்பி குடிக்க ஆசைப்பட்டு வரவழைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு சின்ன ஆசை இருந்திருக்கிறது, நம்மிடம் சொல்லவேயில்லை என்று அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நாலே நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, ரசம் வைக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன்? வேண்டாம் என்றா, நீ படு என்றா? எத்தனையோ தடவை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பிறகு நிவேதிகாதான் பெட்டியைப் பார்த்து, "டம்ளர் இல்லீங்க. இது கல்லு பாலிஷ் போடற மெஷின். நான் கேட்டிருந்தேன்" என்றாள். பிறந்த நாளுக்கு அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அப்படியே எடுத்துப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டாள். எட்டு மாதம் யாரும் தொடவில்லை. நான் தூசி தட்டும்போது அதைச் சுற்றித் தட்டுவேன்.

மூடி இறுகியிருக்கிறது. திருகைக் கழற்றி, ஸ்பூன் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினால், புஸ்ஸென்று ஒரு காற்று வெளியே வரும், சேற்று வாடையோடு. வந்தது. வாடை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, மழைக்காலத்தில் பஸ் படிக்கட்டில் அடிக்கிற வாடை. உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ். கல் தேய்ந்த மாவும் பொடியும் தண்ணீரும் சேர்ந்து கெட்டியாகியிருக்கிறது. இதைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது, குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், பிறகு தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதை அவள் மூன்று தடவை சொன்னாள், நான் மூன்று தடவையும் தலையாட்டினேன். வாளி, அதன் மேல் காய் கழுவுகிற ஓட்டைக் கூடை. மெல்லச் சாய்க்கிறேன். கூழ் கீழே இறங்க, கற்களும் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளும் கூடையில் தங்குகின்றன. மணிகள் கற்களுக்கு இடையில் மெத்தை மாதிரி, ஒன்றோடொன்று மோதி உடையாமலிருக்க. டப்பா முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் கல் உயரத்திலிருந்து விழுந்து அடிபடும், கூடினால் நகர இடமில்லாமல் தேயாது. இதை அவள் விளக்கியபோது எனக்கு உடனே புரிந்தது. இருபத்தேழு வருஷமாகக் காங்கயம் தாராபுரம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டு வந்திருக்கிறேன், கூட்டம் எவ்வளவு இருந்தால் ஆள் விழ மாட்டான் என்று தெரியும். அதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். வாய் விட்டு இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு, தமயந்திக்கும் அப்படித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் அரைநாள் அதே பேச்சை வேறு வேறு விதமாகச் சொல்லிப்பார்த்தேன். அவள் மறுபடி சிரிக்கவில்லை.

கூடையைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் விடுகிறேன், தண்ணீரும் வாளிக்குள்ளேயே விழும்படி. கற்கள் ஒவ்வொன்றாக நிறம் காட்டுகின்றன. பழைய பல் துலக்குகிற பிரஷ் ஒன்று இதற்கென்றே. ஒவ்வொரு கல்லையும் எடுத்து, குழியில், கீறலில் ஒட்டியிருக்கிற பொடியைத் தேய்த்து எடுக்க வேண்டும், இந்தப் பொடியில் ஒரு துகள் அடுத்த பொடியோடு கலந்தாலும் மொத்தக் கல்லும் கீறிப்போகும். நான்கு பாக்கெட் பொடி. ஒன்றாம் நம்பர் கரகரப்பு, கல்லின் கரடு முரடை எடுக்க. இரண்டாம் நம்பர் அதைவிட நைசு. மூன்று, ரவைக்கும் மாவுக்கும் நடுவில். நான்காவதுதான் பாலிஷ். "ஒண்ணாம் நம்பர் ஒரு வாரம் ஓடோணும். மூலையெல்லாம் மழுங்கலீன்னா இன்னொரு வாரம். அவ்வளவுதாங்க. அப்புறம் ரெண்டாம் நம்பர்." ஜூன் மாதம் பஸ் ஏறும்போது சொன்னாள். இன்றைக்கு ஆறாவது ஞாயிறு. ஒன்றாம் நம்பர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரஷ் நின்றுவிட்டது. தேய், தேய். இந்த வெள்ளைக் கல்லின் பள்ளத்தில் பார், கறுப்பாக ஒரு கோடு.

இரண்டாம் ஞாயிறே கல் தயாராகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும். கையில் எடுத்தபோதே தெரிந்தது, மூலை இல்லை, முனை இல்லை, கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. நாற்பது கல்லில் இரண்டோ மூன்றோதான் கரடு. அந்த மூன்றையும் பொறுக்கி முன்னால் வைத்தேன், மற்றதைப் பின்னால் தள்ளினேன், படம் எடுத்தேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இன்னும் ஆகலீங்களாட்ட இருக்குதே" என்றாள். "ஆமா அம்மிணி, இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்றேன். பொய் சொன்னோம் என்றே அப்போது தோன்றவில்லை. ஒரு படம் எடுத்தோம், அவள் பார்த்தாள், அவளே சொன்னாள். மூன்றாம் ஞாயிறு அப்படியே. நாலாம் ஞாயிறு கரடு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அதை வெயில் சாய்வாக விழுகிற இடத்தில் வைத்து, நிழல் மேடும் பள்ளமுமாகத் தெரியும்படி எடுத்தேன். இதெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்ததோ. டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எத்தனை பேரைத் தட்டி எழுப்பியிருக்கிறேன். போன ஞாயிறு அவள் குரலில் ஒரு குழப்பம் இருந்தது, "என்னங்க இது, இவ்வளவு நாள் ஆவாதே" என்றாள். நான் கல் ரொம்பக் கெட்டி என்றேன். கல் கெட்டி. அதைப் படிக்கிற பெண்ணிடம் போய்ச் சொன்னேன். ஜியாலஜி இரண்டாம் வருஷம்.

ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்வது இல்லை. கேட்டால் பதில் ரொம்பச் சின்னதாக, வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்பும் அவள் ஞாயிறு கூப்பிடுவாள். சாப்டாச்சுங்களா என்பாள், சாப்டேன் என்பேன். நீ சாப்டியா என்பேன், சாப்டேனுங்க என்பாள். அங்க மழைங்களா. இல்ல. சரிங்க வெக்கிறேனுங்க. போனைப் பார்த்தால் நாற்பது நொடி ஆகியிருக்கும். அவளும் பாவம், பேச என்ன இருக்கிறது, நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தவள் போய்விட்டாள். தமயந்தி இருந்தபோது, "அவருகிட்டக் கேளு" என்பாள் மகளிடம், "அவ கேக்கறா" என்பாள் என்னிடம், ஒரே அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். கல் வந்த பிறகுதான் பேச்சு வந்தது. தண்ணி எவ்வளவு ஊத்துனீங்க, கல்லு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழதானே. பெல்ட் வழுக்குதுங்களா. சத்தம் எப்படி இருக்குது, போனைப் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. நான் போனை டப்பா பக்கம் வைப்பேன், அவள் அங்கே கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு கல்லிலிருந்து மெஸ் சாப்பாட்டுக்கு வருவாள், அங்கிருந்து ஒரு டீச்சருக்கு, அங்கிருந்து எதற்கோ. நாலு பாக்கெட் பொடிதான் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, பாலிஷ் ஆகிவிட்டால் கல்லை எடுத்துத் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்ன கேட்பாள்? அங்க மழைங்களா.

ஊதியூர் நிறுத்தத்தில்தான் ஏறுவார்கள் இரண்டு பேரும். தமயந்திக்குக் காங்கயத்தில் எண்ணெய் மில்லில் வேலை, இவளுக்குப் பள்ளிக்கூடம். காலை ஏழு ஐம்பது. அவள் புருஷன் லாரி ஓட்டிப் போன இடத்தில் இறந்தபோது இவளுக்கு ஆறு வயது, அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது இவள் என்னை அண்ணா என்பாள். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் கண்டக்டரை அண்ணா என்றுதான் கூப்பிடும். "அண்ணா, பேக்கை வெச்சுக்கிறீங்களா?" பையை என் சீட்டில் வைத்துவிட்டு நிற்பாள், பை நிறையக் கல், பென்சில் டப்பாவில்கூடக் கல். நாலு வருஷம் அண்ணா. பிறகு நானும் தமயந்தியும் சிவன்மலையில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டோம். எனக்கு நாற்பத்தேழு, இவளுக்குப் பதிமூன்று. மறுநாள் காலையிலிருந்து அண்ணா என்று கூப்பிட முடியாது. வேறு எப்படியும் கூப்பிடவும் வரவில்லை. சித்தப்பான்னு கூப்புடு கண்ணு என்று உறவில் யாரோ சொன்னார்கள், தலையாட்டினாள், கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, ஹாலில் அவள் அப்பாவின் படம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை நான்தான் பூ வைக்கிறேன், நல்ல முகம். எனக்கு அம்மிணி என்ற வார்த்தை இருந்தது, எந்த வீட்டுப் பெண்ணையும் இந்த ஊரில் அப்படிக் கூப்பிடலாம். அவளுக்கு ஒன்றுமில்லை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் திரும்பிப் பார்க்கும் வரை பக்கத்தில் வந்து நிற்பாள். ஆறு வருஷமாக, ஆளை அழைக்காமலே அவளால் பேச முடிகிறது. ஹாஸ்டலில் சேர்க்கப் போனபோது மேஜையில் இருந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க, அப்பாவா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கீழே பார்த்தோம். "துணைக்கு வந்திருக்கேனுங்க" என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நின்றுகொண்டே வரத் தோன்றியது, சீட் காலியாக இருந்தும்.

இது என்ன, சின்னதாகிவிட்டதே எல்லாம். கூடையைக் குலுக்கிப் பார்க்கிறேன். முதல் வாரம் மேல் விளிம்பு வரை இருந்தது, இப்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே. நெல்லிக்காய் அளவு இருந்த வெள்ளை வெங்கச்சங்கல் சுண்டைக்காய் அளவுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கூழை மண்ணில் குழி தோண்டி ஊற்றினேனே, அந்தக் கூழ் என்ன, கல்தானே. அவள் பொறுக்கிய கல்லை ஆறு வாரமாக நான் குழியில் ஊற்றியிருக்கிறேன். மே மாதம் அவள் அந்தப் பெட்டியைப் பீரோ மேலிருந்து தானாக இறக்கினாள். மறுநாள் எனக்கு டூட்டி இல்லை. "காட்டுக்குப் போவோணும், உழுதிருப்பாங்க, கல்லு மேல வந்திருக்கும்" என்று வாசலில் வந்து நின்றாள். சிவன்மலைக்குத் தெற்கே, கோடை மழைக்கு உழுத காடுகளில், அவள் முன்னால் குனிந்துகொண்டே போனாள், நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு. பளபளவென்று நீலம் அடிக்கிற ஒரு கல்லை நான் எடுத்துக் கொடுத்தேன், அது சந்திரகாந்தக் கல், மெத்து, இதோடு சேர்த்து உருட்டினால் பிளந்துபோகும், தனியாக வைக்க வேண்டும் என்று கைக்குட்டையில் கட்டிக்கொண்டாள். பிறகு, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கல்லை மண் துடைத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். டீத் தண்ணீர் மாதிரி பழுப்பு, உள்ளே வெளிச்சம் போய் வந்தது. "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் கண்ணில் வைத்துப் பார்த்தாள், என் கையில் கொடுத்தாள், நானும் என் கண்ணில் வைத்துப் பார்த்தேன். காடு முழுக்கப் பழுப்பு, வேப்பமரம் பழுப்பு, அவள் பழுப்பாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தமயந்தி போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அதை டாலர் செய்து சங்கிலியில் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எங்கே அது? போன வாரம் பார்த்தேனே. மணிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தேடுகிறேன். இதோ. சின்னதாகத்தான் போயிருக்கிறது, ஆனாலும் இருக்கிறது. பிரஷால் தேய்த்துத் தண்ணீரில் காட்டினேன். நடுவில் குறுக்காக ஒரு கோடு. பொடி ஒட்டியிருக்கிறது என்று மறுபடி தேய்த்தேன். கோடு போகவில்லை. திருப்பினால் அந்தப் பக்கமும் வருகிறது. நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிறது.

கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். விரிசல் விட்ட கல்லை உள்ளே விடக் கூடாது, அது உடைந்து அதன் சில்லு மற்றதையெல்லாம் கீறிவிடும், அதுவும் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் ஞாயிறே பொடியை மாற்றியிருந்தால் இது இப்படி ஆகியிருக்காது. கல் குறையக் குறைய டப்பாவில் இடம் கூடிவிட்டது, மணிகளைச் சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை, உயரத்திலிருந்து விழுந்து விழுந்து அடிபட்டிருக்கிறது. நாலு வாரமாக ஒரு சத்தம் மாறியிருந்தது, சர்ரென்பதற்கு நடுவில் டொக்கென்று ஒன்று. அவள் போனில் கேட்டாளே, அந்தச் சத்தம் என்னங்க என்று. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்றேன். அட சென்னியப்பா. மனசு அதற்குள் வேறு வழி பார்க்கிறது. ஆரம்பத்திலேயே விரிசல் இருந்திருக்கும், வெளியே தெரியவில்லை, இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லலாம். கல்லில் அப்படி உண்டு, அவளே நம்புவாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காணோமே என்று சொல்லலாம். பழனியப்பன் போன வாரம் பஸ் நிலையத்தில் பார்த்தபோது தன்மையாகத்தான் பேசினார். "வர்ற மாசம் வருஷ திதி. அதோட புள்ளைய நாங்க தாராபுரத்துக்கே கூட்டிக்கிறோம் மாப்ள. லீவுக்கு வந்தா அங்க வரட்டும். நீங்க தனி ஆளு, உங்களுக்கும் சிரமம். நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னா நாங்கதான முன்னால நிக்கோணும்." சரிதான். அதில் எந்தச் சொல்லையும் தப்பென்று எடுக்க முடியவில்லை. அவளிடம் கேட்டீர்களா என்றேன். "கேக்கறதென்ன, அவளுக்கே தெரியாதா" என்றார். தெரியும்தான். அவரை அவள் மாமா என்கிறாள், அவர் சம்சாரத்தை அத்தை என்கிறாள், வாய் நிறைய.

எழுந்து, கல்லை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினைத் துடைத்தேன். உருளை முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே சொட்டு, பெல்ட்டில் பட்டால் வழுக்கும். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், தொய்வு இல்லை. டப்பாவின் உட்புறத்தைத் தடவித் தடவிக் கழுவினேன், ரப்பர் மடிப்பில் மணல் மாதிரி கொஞ்சம் தட்டுப்பட்டது, அது போகும் வரை. மூடி உட்காருகிற விளிம்பை உலர்ந்த துணியால். அங்கே ஒரு துகள் இருந்தாலும் ஒழுகும். கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது, மனசு அதுபாட்டுக்குப் பொய்யைத் திருத்தித் திருத்தி எழுதுகிறது. ஒன்றாம் நம்பர் பாக்கெட்டை எடுத்துக் கவிழ்த்தால் ஒன்றும் விழவில்லை. தட்டினேன், ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை வந்தது. தீர்ந்துவிட்டது. சரி, படத்தையாவது எடுப்போம் என்று துண்டை விரித்துக் கற்களைப் பரப்பி, பழக்கமாகக் கரடு ஒன்றைத் தேடினேன், முன்னால் வைக்க. ஒன்றையும் காணோம். ஒவ்வொன்றாகப் புரட்டினேன், வெயிலுக்குச் சாய்த்தேன். முப்பத்தொன்பது கல், ஒன்றில்கூட ஒரு மூலை இல்லை. அத்தனையும் உருண்டு, சாந்தமாக, குழந்தைகளின் முட்டி மாதிரி இருந்தன. ரொம்ப அழகாகத்தான் இருந்தன, சின்னதாக இருந்தாலும். பொய் சொல்ல எனக்குக் கைப்பிடியாக ஒரு கரடும் மிச்சமில்லை. அப்படியே எடுத்தேன் படத்தை. பிறகு அந்தப் பழுப்புக் கல்லை உள்ளங்கையில் வைத்து, கோடு தெரியும்படி, தனியாக இன்னொன்று. இரண்டையும் அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழிக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலையைப் பார்த்தேன். கற்களைப் போட்டு, குறைந்த இடத்துக்குப் புது மணிகள், முக்கால் அளவு வரை. இரண்டாம் நம்பர் பொடி இரண்டு ஸ்பூன், தலை வழித்து. தண்ணீர் மேல் கல்லுக்குக் கொஞ்சம் கீழே. மூடியை வைத்து அழுத்தும்போது போன் அடித்தது. பதினொன்று ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"என்னங்க இது, எல்லாமே உருண்டு போயிருக்குது?" என்றாள். "போன வாரம் அவ்வளவு கரடா இருந்துச்சு. ஒரே வாரத்துலயா?"

"ஒரு வாரத்துல இல்ல அம்மிணி. ரெண்டாவது வாரமே ஆயிருச்சு."

"அப்புறம் படத்துல?"

"கரடாப் பாத்துப் பொறுக்கி முன்னால வெச்சு எடுத்தேன்."

அந்தப் பக்கம் காற்றில் துணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எதுக்குங்க?" என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நாற்பது பேர் நிற்கிற பஸ்ஸில் கடைசிச் சீட்டுக்குக் கேட்கும்படி ஊர்ப் பேர் சொல்கிற குரல் எனக்கு. அது எங்கே போனதென்று தெரியவில்லை. "முடிஞ்சு போச்சுன்னா நீ எதுக்குக் கூப்புடுவேன்னு இருந்துச்சு" என்றேன். சொன்ன பிறகு அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது. இனி மறைக்க ஒன்றும் வேண்டாமென்று, "அந்தப் பழுப்புக் கல்லு விரிசல் உட்டுருச்சு. என்னாலதான். மணி சேர்க்காம உட்டுட்டேன். ஆணி அடிக்கிற சத்தம்னு சொன்னேனே, அது அதுதான்" என்றேன்.

"அதுங்களா? அந்தக் கல்லுங்களா?" குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க எங்க மேடத்துகிட்டப் போயி, எங்க ஊர்க் கல்லு மட்டும் ஏன் மேடம் தேய மாட்டேங்குதுன்னு கேட்டுட்டு இருக்கேன். அவங்க பாவம், புக்கெல்லாம் எடுத்து வெச்சுப் பாத்துட்டு இருக்காங்க. போன வாரம் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றாங்க, காங்கயம் பக்கம் ஒரு கல்லு இருக்குதாமான்னு. நான் இப்ப அவங்ககிட்டப் போயி என்னன்னு சொல்றது? பேசோணும்னா பேசோணும்னு சொன்னா என்னங்க? வாய் இல்லீங்களா? அதுக்குக் கல்லையா அரைப்பாங்க? நாலு வாரமா... உங்களை நம்பித்தான உட்டுட்டு வந்தேன். மாமா அன்னிக்குப் போன் பண்ணி இனிமே தாராபுரம் வந்துருன்னு சொல்றாரு, நான் மெஷின் ஓடிட்டு இருக்குதுங்க மாமா, நடுவுல நிறுத்த முடியாதுன்னு சொல்லிட்டு இருக்கேன்..."

அவள் இவ்வளவு நேரம் மூச்சு விடாமல் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. அவள் அம்மாவிடம் இப்படிக் கத்துவாள், கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். நான் தப்புத்தான், தப்புத்தான் என்று சொல்லிக்கொண்டே நிற்கிறேன், டப்பாவின் மூடி இன்னும் திருகப்படாமல் இருக்கிறது, முழங்கையெல்லாம் சாம்பல் கூழ். அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ ஒரு பெண்ணின் குரல். "நிவி, யாருடி போன்ல? இப்படிக் கத்தற?"

"வீட்டுலருந்துடி" என்றாள் நிவேதிகா. போனைப் பொத்தவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை, யோசிக்கவும் இல்லை. "நீ போயி சாப்புட உக்காரு, வர்றேன்." பிறகு என் பக்கம் திரும்பி, அதே கோபத்தோடு, ஏதோ சொன்னாள். எனக்கு அது ஏறவில்லை, வீட்டிலிருந்து என்றது மட்டும் காதில் நின்றது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கேக்குதுங்களா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் அம்மிணி" என்றேன். "நீ சொல்லு."